இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்

நம்பாதவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். இது இருட்டில் நடக்கவில்லை. மழை இல்லை, மின்வெட்டு இல்லை, எங்கேயும் நாய் ஊளையிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்த அறையில் நடந்தது. அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். ஓர் அக்கா, அவளுடைய தம்பி. இருவரும் இன்றும் நல்ல நிதானத்தோடு வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களில் தம்பிக்குப் பேய்க் கதை என்றாலே எரிச்சல் வரும். அவன்தான் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

அக்கா ஒரு ஹியரிங் சென்டர் நடத்துகிறாள். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் பார்த்து, கருவி பொருத்தும் இடம். தம்பி வேறொரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். எந்தக் கோளாறு என்றாலும் முதலில் ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்பான். அவனுக்கு அங்கே பெயரே ரீஸ்டார்ட்தான்.

அன்று காலையிலிருந்தே இருவருக்கும் வாய்த் தகராறு.

“அப்டேட் எல்லாம் தானா வரும், நீ கை வைக்காதேன்னு சொன்னது யாரு?” என்றாள் அக்கா.

“நான்தான். வரலைன்னா உடனே ஃபோன் பண்ணுன்னும் சொன்னேன்.”

“பண்ணா நீ எடுக்கணும்ல? வாரத்துல ஆறு நாள் மீட்டிங்.”

“ஏழாவது நாள் உனக்குத் தம்பி ஞாபகம் வந்துடும்.”

சண்டைக்குக் காரணம் இருந்தது. மறுநாள் காலை ஒரு நாலு வயதுப் பெண் குழந்தை வர இருந்தாள். பிறவியிலேயே காது கேளாதவள். ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்தாகிவிட்டது. ஆனால் அதை இன்னும் இயக்கவில்லை. நாளைக்குத்தான் ஸ்விட்ச் ஆன். கருவிக் கம்பெனியின் நிபுணர் அந்த ஒரு காலைக்காக மட்டும் வெளியூரிலிருந்து வருகிறார். தவறவிட்டால் அவருடைய அடுத்த வருகை மூன்று மாதம் கழித்து. குழந்தைக்கு அந்த மூன்று மாதமும் அதே மௌனம்தான்.

கருவியை இயக்கும் மென்பொருளைக் கம்பெனி இந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் திறந்துவிட்டிருந்தது. அது நிறுவ மறுத்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் பழசு, முதலில் அப்டேட் செய்யுங்கள் என்றது. அப்டேட் பக்கத்தைத் திறந்தால், ‘புதிதாக எதுவும் இல்லை’ என்றது. வரவேற்பு மேசையில் இருந்த இதே மாதிரிக் கம்ப்யூட்டருக்கோ போன வாரம்கூட அப்டேட் வந்திருந்தது.

“புளுகு மூட்டை,” என்று திரையைப் பார்த்துச் சொன்னான் தம்பி.

அறையையும் சொல்லிவிடுவோம். மேசை மேல் கம்ப்யூட்டரும் அதோடு இணைந்த சோதனை இயந்திரமும் இருந்தன. எதிரே, இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், சத்தம் புகாத சின்ன அறை. ஊழியர்கள் அதைக் கூண்டு என்பார்கள். உள்ளே ஒரு நாற்காலி, ஹெட்ஃபோன், ஒயரில் தொங்கும் பட்டன். சோதனைக்கு வந்தவர் உள்ளே உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்துவார். வெளியே இயந்திரத்தில் பச்சை விளக்கு எரியும். கூண்டின் கதவு ஒரு சாண் தடிமன்.

தம்பி கோளாறைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. திரையின் மூலையில் தேதி தப்பாக இருந்தது. இரண்டு வருடம் பின்னால்.

“இதுக்கா என் ஞாயித்துக்கிழமையைக் கெடுத்தே? கடிகாரம் படுத்துடுச்சு. உள்ள இருக்கற பேட்டரி போயிருக்கும். இதைப் பார்க்கக்கூட உனக்குக் கண்ணு இல்லையா?”

“தேதி எனக்குச் சரியாத்தான் தெரிஞ்சுது.”

“எனக்கும் தெரியும், உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு.”

பையிலிருந்து புதுப் பேட்டரியை எடுத்துப் பெட்டியைத் திறந்து மாற்றினான். தேதியைத் திருத்தினான். அப்டேட் பக்கத்தைத் திறந்தான். வட்டம் சுற்றியது. பட்டியல் வந்தது. நீளமான பட்டியல். கையை நீட்டுவதற்குள்...

காலி. ‘புதிதாக எதுவும் இல்லை.’

தேதி மறுபடி பின்னால் போயிருந்தது. அதே பழைய நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஒன்றே கால்.

மறுபடி திருத்தினான். பட்டியல் வந்தது. போனது. ஒன்றே கால். இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துத் திருத்திப் பார்த்தான். வந்தது. போனது. ஒன்றே கால்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது, கம்ப்யூட்டர் புளுகவில்லை என்று. அதன் கணக்கில் இன்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அந்த நாளுக்குப் பிறகு உலகத்தில் எதுவும் வெளிவரவில்லை. அது நம்பியதைத்தான் சொன்னது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பட்டியல் மறையும் ஒவ்வொரு தடவையும் சோதனை இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

“அக்கா, கூண்டுக்குள்ள யாராவது இருக்காங்களா?”

“லீவு நாள்ல யாருடா இருப்பா?”

எட்டிப் பார்த்தான். நாற்காலி காலி. பட்டன் கொக்கியில் தொங்கியது.

“ஒயர் லூஸ். இந்த இடத்துல எதுதான் ஒழுங்கா இருக்கு?” என்று முனகியபடி, பட்டனின் ஒயரை இயந்திரத்திலிருந்து பிடுங்கி மேசைமேல் போட்டான்.

விளக்கு எரிந்தது.

பிடுங்கிய ஒயரைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். அவனுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ‘எவனோ வெளியிலிருந்து புகுந்து விளையாடுகிறான்’ என்று நினைத்தான். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் அப்படித்தான் தோன்றும். நெட்வொர்க் கேபிளையும் உருவினான். அப்டேட் முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். இணையம் தேவையில்லை. புகுந்தவனை வெளியேற்றினால் போதும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்கும் பக்கத்தைத் திறந்தான்.

இரண்டு பெயர்கள். ஒன்று அக்காவுடையது. இன்னொன்று வெறும் இரண்டு எழுத்து.

அந்த இரண்டெழுத்துக்காரர் கேபிளை உருவிய பிறகும் உள்ளே இருந்தார். சும்மாவும் இல்லை. அந்த நிமிடமே வேலை செய்துகொண்டிருந்தார்.

“யாரு இது?”

அக்கா குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. “பழசு ஏதாவது ஒட்டிட்டு இருந்திருக்கும்.”

“எங்க ஒட்டும்? நீ இந்த இடத்தை வாங்கினப்ப டிஸ்க்கைச் சுத்தமாத் துடைச்சு, எல்லாத்தையும் முதல்லேர்ந்து போட்டது நான். இதுல இருக்கற ஒவ்வொரு பேரும் நான் வெச்சது. இதை நான் வைக்கலை.”

“விட்டுடு. எழுந்து வா.”

“என்ன எழுந்து வா? நாளைக்கு அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட என்ன சொல்லப் போறே?”

“சொல்லிக்கறேன். நீ வா.”

“ஆள் யாருன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியாது.”

“தெரியும் அக்கா. சின்ன வயசுலேர்ந்து பொய் சொன்னா மூக்கைத் தொடுவே. இப்பவும் தொட்டே.”

அவள் கையைக் கீழே இறக்கினாள்.

அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ரீஸ்டார்ட்டை அழுத்தினான். திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது.

‘இன்னொருவர் இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது ரீஸ்டார்ட் செய்தால், அவர் சேமிக்காத வேலையை இழக்க நேரிடும்.’

அந்தத் தொழிலில் இதை யாரும் படிப்பதில்லை. தினமும் வரும். கீழே ‘பரவாயில்லை, ரீஸ்டார்ட் செய்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். கை தானாக அங்கே போகும். அவனும் வருடக்கணக்கில் அப்படித்தான் அழுத்தியிருக்கிறான்.

அன்று படித்தான்.

இன்னொருவர்... பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.

“யாரா இருந்தாலும் எழுந்து போய்யா!” என்று கத்தினான். “நாலு வயசுக் குழந்தை காத்துட்டு இருக்கு!”

பச்சை விளக்கு எரிந்தது.

அணைந்தது.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். “போய்யா.”

எரிந்தது.

வாயை மூடிக்கொண்டான். மனதுக்குள் மட்டும் ஒரு கெட்ட வார்த்தை ஓடியது.

எரிந்தது...

“டேய்,” என்றாள் அக்கா. கண்ணாடியைக் காட்டினாள்.

கூண்டின் ஜன்னலில் ஓர் இடம் பனித்திருந்தது. உள்பக்கம். ஓர் ஆளின் வாய் உயரத்தில். உள்ளங்கை அளவு.

மறைந்தது.

மறுபடி பனித்தது. மறைந்தது. பனித்தது.

வேகமாக.

இன்னும் வேகமாக...

கண்ணாடியில் வாயை ஒட்டிவைத்துக்கொண்டு ஒருவர் கத்தினால் அப்படித்தான் இருக்கும்.

சத்தம் மட்டும் இல்லை.

துளிகூட இல்லை.

தம்பி பொத்தானை அழுத்தினான்.

திரை கருத்தது.

கண்ணாடி கடைசியாக ஒரு தடவை பனித்தது. நீண்ட நேரம். பிறகு மெல்ல, விளிம்பிலிருந்து உள்நோக்கி, தெளிந்தது.

கம்ப்யூட்டர் எழுந்தது. தேதி சரியாக இருந்தது. உள்ளே ஒரே பெயர், அக்காவுடையது. கேபிளை மாட்டியதும் அப்டேட்டுகள் மடமடவென்று வந்து விழுந்தன. மென்பொருள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தது.

கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் தெருவுக்கு வந்தார்கள். நல்ல வெயில். எதிர்க்கடைக்காரர் செருப்புகளைத் தூசி தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சாதாரணக் காட்சியே தம்பிக்கு எரிச்சலாக இருந்தது.

“இப்ப சொல்லு.”

“என்கிட்ட இந்த இடத்தை வித்தது பழைய ஓனரோட மனைவி,” என்றாள் அக்கா. “நீ பார்த்த ரெண்டெழுத்து அந்த ஓனரோட இனிஷியல். அவர் ஒரு லீவு நாள்ல மெஷினைச் சரிபார்க்கத் தனியா வந்திருக்கார். கம்ப்யூட்டர்ல சோதனையை ஓடவிட்டுட்டு, தானே கூண்டுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கார். கதவோட தாழ் சிக்கிடுச்சு. ஃபோன் வெளியே மேசைமேல. காத்து வர்ற வழியும் அன்னைக்கு அடைஞ்சிருந்துதாம். மறுநாள் காலைல வேலைக்கு வந்தவங்கதான் திறந்தாங்க.”

“கத்தியிருப்பாரே.”

“உள்ளேர்ந்து எவ்வளவு கத்தினாலும் வெளிய வராது. அதுக்குத்தானே அந்த ரூம்.”

“இதை வாங்கறப்பவே சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா நீ வேலை செய்ய வந்திருப்பியா?”

“வந்திருப்பேன். சிரிச்சுட்டே வந்திருப்பேன்.”

“இப்ப சிரி.”

அவன் சிரிக்கவில்லை. “எந்த ஞாயித்துக்கிழமை?” என்று மட்டும் கேட்டான். அவள் தேதியைச் சொன்னாள். திரையில் திரும்பத் திரும்ப வந்த அதே நாள். அதன் பிறகு இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தச்சரை அனுப்பிக் கூண்டின் கதவைக் கழற்ற வைத்தான். உள்பக்கமிருந்து தள்ளினால் திறக்கிற கதவு போட்ட பிறகுதான் உள்ளே கால் வைத்தான்.

குழந்தையின் ஸ்விட்ச் ஆன் குறித்த நேரத்தில் நடந்தது. முதல் சத்தம் போனதும் அவள் கண்ணை அகல விரித்தாள். பிறகு வீறிட்டு அழுதாள். தாயும் அழுதாள். நிபுணர் அக்காவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஏழெட்டு மாதம் கழித்து, தாய் ஒரு நாள் குழந்தையை வழக்கமான பரிசோதனைக்கு அழைத்து வந்தாள். தம்பியும் அன்று ஒரு பிரிண்டரைப் பார்க்க வந்திருந்தான்.

“பேச ஆரம்பிச்சுட்டா மேடம்,” என்றாள் தாய்.

அக்காவுக்கு முகம் மலர்ந்தது. “முதல் வார்த்தை எது? அம்மாவா, அப்பாவா?”

“ரெண்டும் இல்ல மேடம்.” தாய் கொஞ்சம் தயங்கினாள். “தூங்கறதுக்கு முன்னாடி காதுக்கு வெளிய மாட்டற கருவியைக் கழட்டி டப்பால வெச்சுடுவோம். அதுக்கப்புறம் அவளுக்குப் பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. அப்பதான் சொல்றா. சுவத்தைப் பார்த்துட்டு, ‘கேக்குது’ன்னு.”

அக்கா சிரிக்க முயன்றாள். “இங்க வந்தா நாங்க அதைத்தானே கேட்டுட்டு இருக்கோம். கேக்குதா, கேக்குதான்னு. பிடிச்சுக்கிட்டா.”

“அப்படித்தான் நானும் நெனச்சேன் மேடம். ஆனா சுவத்தைப் பார்த்துத் தலையாட்டறது முன்னாடியே இருந்துது. ஸ்விட்ச் ஆனுக்கு முந்தின நாள் மத்தியானம் ஆரம்பிச்சா. ஆபரேஷன் பண்ண இடம் வலிக்குதோன்னு விட்டுட்டோம். இப்பதான் வார்த்தையா வருது.”

தம்பி பிரிண்டரிலிருந்து கையை எடுத்தான். “எப்படிச் சொல்றா?”

தாய் அவனைப் பார்த்தாள். இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள்போல் இருந்தது.

“கோபமா சார். ஒரே விஷயத்தை யாராவது திரும்பத் திரும்பக் கேட்டா நாம எரிஞ்சு விழுவோம்ல... அந்த மாதிரி. காதைப் பொத்திக்கிட்டு, ‘கேக்குது... கேக்குது... கேக்குது’ன்னு கத்தறா.”