அத்தைக்கு வாங்கின மெத்தை

மெத்தைக் கடையில் அவளுக்குச் ‘சீச்சி அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் அவள் கோபித்துக்கொள்ள முடியாது. வாயைத் திறந்தால் ‘சீச்சீ’ என்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? யாரோ கழற்றிப் போட்ட காலுறையைப் பார்த்தால் சீச்சீ. தலையணையில் எண்ணெய்க் கறை இருந்தால் சீச்சீ. தேநீர்க் கோப்பையின் விளிம்பில் அடுத்தவர் உதடு பட்ட தடம் தெரிந்துவிட்டால் அன்றைக்குத் தேநீரே வேண்டாம். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: கண்டவர்களும் வந்து படுத்து உருண்டுவிட்டுப் போகிற இடத்தைத் தட்டித் துடைத்து, அடுத்த ஆளைப் படுக்க வைக்கிற வேலை.

வேலை என்று வந்துவிட்டால் அவளை ஒரு குறை சொல்ல முடியாது. அவர்கள் விற்பது ரப்பர் பாலில் செய்கிற லேட்டக்ஸ் மெத்தை. அது ஒரே பாளமாக வராது. கெட்டி, நடுத்தரம், மெது என்று மூன்று அடுக்குகள். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஜிப் போட்ட உறையால் மூடுவார்கள். மேலே எது வருகிறதோ அதுதான் உடம்புக்குத் தெரியும். வேண்டும்போது ஜிப்பைத் திறந்து, கீழே இருப்பதை மேலே மாற்றிக்கொள்ளலாம்.

வருகிறவர்களில் பாதிப் பேர் நின்றபடியே உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். “கையாலயா தூங்கப் போறீங்க? படுங்க சார்” என்பாள். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, தோளும் இடுப்பும் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பாள். மல்லாந்து படுக்கச் சொல்லி, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பாள். மற்ற விற்பனையாளர்கள் அங்கே கையை விடுவார்கள். இவள் ஓர் அட்டையை வைத்திருந்தாள். ஊரான் முதுகுக்கு அடியில் கையை விடுவதாவது, சீச்சீ.

கனத்த உடம்புக்கு மெதுவான அடுக்கைக் கொடுத்தால் ஆள் சேற்றில் இறங்கின மாதிரி இறங்கிவிடுவான். எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்குக் கெட்டியைக் கொடுத்தால் அது வெறும் பலகை. இதை ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொன்னாலும் அவளுக்கு அலுக்காது. அவளால் தாங்க முடியாதது வேறொன்று. படுத்துப் பார்த்தது மனைவியாக இருக்கும். எப்படி இருக்கிறது என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற புருஷன் பதில் சொல்வான். “அவளுக்கு இது போதும்” என்பான். அந்த மூஞ்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் காலுறை நாற்றமே தேவலை என்று தோன்றும் அவளுக்கு.

அவளுடைய அத்தை, அதாவது மாமியார், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். கணவனின் அண்ணன் வீட்டில்தான் அத்தை இருந்தாள். ஆபரேஷன் ஆகியும் எழுந்து நடக்க வரவில்லை, படுத்த படுக்கை ஆகிவிட்டது. அத்தைக்கும் இவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். இவள் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்து அத்தை வைக்காத பெயர் இல்லை, ‘சீமாட்டி’ என்பதுதான் அதில் கொஞ்சம் மரியாதையானது. அதற்காக, வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் அத்தையைப் புரட்டிக் காட்டியபோது இவளால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. முதுகு முடிகிற இடத்தில், உட்காரும் எலும்புக்கு மேலே, தோல் சிவந்து கன்றிப் போயிருந்தது.

“இது இன்னும் உடையல” என்றாள் நர்ஸ். “உடைஞ்சுதுன்னா மூடறது ரொம்பக் கஷ்டம். அடியில மெத்துனு ஏதாவது போடுங்க. திருப்பித் திருப்பிப் படுக்க வைங்க.”

அதனால் குடும்பம் மெத்தை வாங்கக் கிளம்பியது. இவள் வேலை பார்க்கிற கடைக்கேதான் வந்தார்கள், விலை குறையுமே. மூத்தவர், அவர் மனைவி, இவளுடைய புருஷன், மூன்று பேரும் வந்தார்கள். மூத்தவர் ஆள் வாட்டசாட்டம், நூறு கிலோவுக்குக் குறைய மாட்டார். செருப்பைக் கழற்றாமலே மெத்தையில் ஏறி மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

“கொஞ்சம் உள்வாங்குது. இன்னும் கெட்டியா காட்டு.”

“அத்தைக்கு அது ஆகாது மாமா” என்றாள் இவள். “அவங்க நாப்பது கிலோகூட இல்ல. கெட்டியில படுத்தா கொஞ்சம்கூட அமுங்காது. எலும்பு நேரா தோலைக் குத்தும்.”

“கெட்டிதான் முதுகுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எந்த முதுகுக்கு மாமா?”

அவர் மனைவி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குதி குதித்துப் பார்த்தாள். “ஏம்மா, இது எத்தனை வருஷம் வரும்?”

“பதினஞ்சு, இருபது வருஷம் வரும்க்கா.”

“அதான் சொல்றேன். இருபது வருஷத்துக்கும் யோசிச்சுல்ல வாங்கணும்.”

இவளுடைய புருஷன் விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிரவே இல்லை. மூன்று முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. இருபது வருஷக் கணக்கில் அத்தைக்கு எத்தனை மாதம் என்று இவர்கள் வீட்டிலேயே கழித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். மெத்தை அத்தை பேரில், அளவு மூத்தவர் உடம்புக்கு. சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

“சரி மாமா. இப்ப மெதுவானதை மேல வெச்சுத் தர்றேன். அத்தைக்கு அப்புறம் கெட்டியை மேல மாத்திட்டு நீங்க படுத்துக்கங்க.”

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வாடிக்கையாளர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூத்தவரின் மனைவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

“என்ன பேச்சு பேசற நீ? உசுரோட இருக்கறவங்கள வெச்சுக்கிட்டு.”

“எங்கம்மாவுக்குச் செய்யறதுலயும் நீ குத்தம் கண்டுபிடிக்கறியா?” என்று மூத்தவர் எழுந்தார். கண்கூடக் கலங்கிற்று அவருக்கு.

“நாக்கை அடக்கிப் பேசத் தெரியாதா உனக்கு?” என்றான் புருஷன், விலைச் சீட்டைப் பார்த்தபடியே.

இவ்வளவும் ஆன பிறகு, பில் போடுகிற இடத்தில் மூத்தவர் மெதுவாக இவள் பக்கம் சாய்ந்தார். “அந்த அடுக்கு மாத்தறது, அதுக்குக் கடையிலேருந்து ஆள் வரணுமா? நாமளே பண்ணிக்கலாமா?”

அவருடைய மூச்சுக்காற்று காதில் பட்டது. அவள் போய்க் காதைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மெத்தையைப் போட அவளேதான் கடை வேனில் போனாள். ரப்பர் அடுக்கு ஒவ்வொன்றும் நல்ல கனம். தூக்கினால் மயங்கி விழுந்த ஆளைப் போலத் துவளும். மூலையைப் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும், இரண்டு பேராக மடித்துத்தான் தூக்க வேண்டும். கூட ஒரு கை பிடித்த புருஷனுக்கு அதையெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அடியில் கெட்டி, நடுவில் நடுத்தரம், மேலே மெது. உறையை மூடி, அதற்கு மேல் ஈரம் இறங்காத விரிப்பு ஒன்றையும் போட்டாள். அத்தை ஒன்றுக்கும் இரண்டுக்கும் படுக்கையிலேயே போகிறவள், அதற்கு என்ன செய்ய முடியும்?

அத்தையைத் தூக்கிக் கிடத்தினார்கள். அவள் கண்ணை அங்கேயும் இங்கேயும் உருட்டினாள்.

“என்னடி இது, கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு” என்றாள். வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்பே தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு, கடைவாயில் எச்சில் வழிய, பட்டப்பகலில் அப்படியொரு தூக்கம். இவள் துணியின் ஒரு முனையை இரண்டு விரலால் பிடித்து அந்த எச்சிலைத் துடைத்துவிட்டு, துணியைக் குப்பையில் போட்டாள்.

அதன் பிறகு கடையில் தள்ளுபடி விற்பனை வந்தது. விடுமுறை நாளிலும் வேலை. புருஷன்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவான். “எப்படி இருக்காங்க?” என்று கேட்டால் “நல்லா இருக்காங்க” என்பான். புண் எப்படி இருக்கிறது என்று கேட்டால் “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று சாப்பாட்டில் கையை வைப்பான்.

விற்பனை முடிந்து முதல் விடுமுறையில் அவள் போனாள். கதவைத் திறந்ததுமே நாற்றம் அடித்தது. கூடத்தில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில் கிடந்தது. அதன் கம்பிகளின் மேல் ஒரு பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். அதில் அத்தை கிடந்தாள்.

“மெத்தை எங்கக்கா?”

“அதை ஏன் கேக்கற” என்றாள் மூத்தவரின் மனைவி. “ஒருநாள் நனைச்சுட்டாங்க. இருபது வருஷம் வர்ற பொருளு, வீணாப் போயிடுமேன்னு எடுத்து எங்க ரூம்ல போட்டோம்.”

“நனையாம இருக்கத்தானே விரிப்பு குடுத்தேன்?”

“அது திரும்பும்போதெல்லாம் சரசரங்குது. மாமாவுக்குத் தூக்கம் கெடுது.”

கூடத்தின் அந்தக் கோடியில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: “அம்மாதான் என்னைப் படுத்துக்கச் சொன்னாங்க. வேணும்னா கேட்டுக்க.”

அத்தை சுவரைப் பார்த்தாள். “ஆமா, நான்தான் சொன்னேன். சத்தம் போடாத.”

இவள் அத்தையை ஒருக்களித்துப் புரட்டினாள். சிவப்பாக இருந்த இடம் உடைந்துவிட்டிருந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்து, ஓரமெல்லாம் கறுத்து, போர்வை அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாடை தொண்டைக்குள் இறங்கியதும் அவள் குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வெந்நீரில் துணியை நனைத்துப் போர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். நடுவில் இன்னொரு தடவை ஓடினாள்.

“உனக்கு எதுக்குடி இந்த வேலை?” என்றாள் அத்தை. “உனக்குத்தான் எச்சி பட்ட டம்ளரே ஆகாதே.”

“ஆகாதுதான். இப்பவும் ஆகல. பேசாம படுங்க.”

நர்ஸுக்கு போன் போட்டாள், இப்போதே தன் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று. கடை வேன் ஓட்டுநருக்கும் போட்டாள். பிறகு மூத்தவரின் படுக்கையறைக்குள் நுழைந்து, மெத்தையின் ஜிப்பை ஒரே இழுப்பில் திறந்தாள். கெட்டி மேலே இருந்தது. மெதுவான அடுக்கு அடியில், நூறு கிலோவுக்கும் இரண்டு அடுக்குக்கும் கீழே, யார் உடம்பையும் தாங்காமல் சும்மா கிடந்தது. ஒரு மூலைகூடக் கிழியவில்லை. பழகின கை செய்த வேலை.

“யார் மாத்தினது?”

“உன் வீட்டுக்காரர்தான்” என்றாள் மூத்தவரின் மனைவி. “எங்களுக்கு எங்க தெரியுது அதெல்லாம்? நீ சொல்லிக்குடுத்தியாமே. ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாரு, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் புடிச்சு மாத்திட்டாங்க.”

அவளுக்கு இப்போது வாந்தி வரவில்லை. வந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் இங்கே வந்திருக்கிறான். இந்தக் கட்டிலைத் தாண்டித்தான் செருப்பை விட்டிருக்கிறான். பிறகு வீட்டுக்கு வந்து, அதே கையால் சோற்றைப் பிசைந்து, நல்லா இருக்காங்க என்று சொல்லியிருக்கிறான். அவன் பக்கத்தில்தான் இவள் படுத்திருந்தாள். உடம்பு முழுக்க எதுவோ ஊறுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மேலிரண்டு அடுக்குகளையும் தள்ளிவிட்டு, மெதுவான அடுக்கை உருவி எடுத்தாள். மூத்தவர் அப்போதுதான் எழுந்து வந்தார்.

“அம்மாவைக் கூட்டிட்டுப் போறதுன்னா தாராளமா போ. மெத்தையைத் தொடாத.”

“அடியில கிடந்ததைத்தான் எடுக்கறேன் மாமா. உங்களுக்கு இது வேண்டியதே இல்ல.”

“உறை தொளதொளன்னு ஆயிடுமே” என்றாள் அவர் மனைவி. அவள் கவலை அவளுக்கு.

ஓட்டுநர் வந்தார். வயதானவர், அத்தையைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். அடுக்கை வேனுக்குள் விரித்தார்கள். போர்வையின் நான்கு முனைகளையும் பிடித்து அத்தையைத் தூக்கி அதன் மேல் ஒருக்களித்துக் கிடத்தினார்கள். மூத்தவர் உதவிக்கு வரவில்லை, வாசலில் நின்று அக்கம்பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் போன் போட்டிருக்க வேண்டும். வேன் கிளம்புவதற்குள் இவளுடைய புருஷன் மூச்சு வாங்க வந்து நின்றான். வேனுக்குள் இருந்த அம்மாவைப் பார்த்தான். அவளுக்கு அடியில் இருந்த அடுக்கையும் பார்த்தான்.

“எங்க கூட்டிட்டுப் போற?”

“நம்ம வீட்டுக்கு. நம்ம கட்டில்ல படுப்பாங்க.”

அவர்கள் வீட்டில் இருப்பது ஓர் அறை, ஒரு கட்டில். அவன் வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள். இத்தனைக்குப் பிறகும் அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். புண் எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். அம்மா என்று கூப்பிடலாம். ஒன்றுமே வராவிட்டால் அழக்கூடச் செய்யலாம்.

“அப்ப நான் எங்க படுக்கறது?” என்றான்.

வேனுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது.

“அவனும் வரட்டும்டி. நான் ஓரமா படுத்துக்கறேன்.”

சீச்சி அக்கா வேனில் ஏறி, உள்ளிருந்து கதவை இழுத்துச் சாத்தினாள். ஓட்டுநரை வண்டியை எடுக்கச் சொன்னாள்.