காசிமண்ணன் கட்டிய கால்கள்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக்கடையில் பேண்டேஜ் வாங்கினேன். கல்லூரியில் கபடி ஆடி மகளுக்குக் கால் பிசகியிருந்தது. மறுநாள் அவளுக்குக் கடைசி ஆட்டம். கடைக்காரர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சுருளைத் தந்தார். உறையைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனேன். மோந்து பார்த்து வாங்குகிற சாமானா இது என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. எனக்குத் தெரிந்த பேண்டேஜ் துணியில் பிளீச்சிங் பவுடர் நெடி இருக்கும். கூடவே காசிமண்ணனின் பீடி வாசமும் இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டும் மெஷினில் நின்றேன். கம்பெனிக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. மாவட்ட லீக்கில் இரண்டாம் டிவிஷன். நான் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். பந்தைவிட ஆளைத்தான் அதிகம் உதைத்தேன். காசிமண்ணன் எங்கள் கோச். கேரளாவிலும் கல்கத்தாவிலும் பெரிய கிளப்புகளுக்கு ஆடியவர். முட்டி போனபின் ஊர் திரும்பியவருக்கு, ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து நிற்கும் நாங்கள் வாய்த்தோம். அதற்காக அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்து ஜெர்சி எங்கே அண்ணே என்றால், "ஒங்க மதினி அதுலதான் தரை தொடைக்கா" என்று சிரிப்பார்.

இன்று ஆடப்போகும் பதினொரு பேர் யார் என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. நெசவு பிசகிக் கழித்துப்போட்ட துணியைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வருவார். நாங்கள் பதினாறு பேர் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்போம். மடங்காத காலை ஒருபக்கம் நீட்டிக்கொண்டு, தரையில் நகர்ந்து நகர்ந்து வந்து, கணுக்காலைத் தானே கட்டுவார். கட்டினால் நீ இறங்குகிறாய். கட்டாமல் தாண்டிப்போனால் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கோட்டோரம் போய் உட்கார வேண்டியதுதான். பள்ளிக்கூடப் பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

ஒரு வருஷம் லீக்கின் கடைசி ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. தோற்றால் மூன்றாம் டிவிஷனுக்குப் போவோம். போனால் அணியைக் கலைத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். காசிமண்ணனின் வேலையும் அதோடு போகும். எனக்கோ வேறு கவலை. அந்த ஊரில்தான் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அண்ணன்மார் மூன்று பேரும் ஆட்டம் பார்க்க வந்திருந்தார்கள். முந்தின நாள் டவுன் பஸ் படியில் இடறி, என் இடது கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

காலைப் பிடித்த காசிமண்ணன் பெருவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். உயிர் போயிற்று. நான் சிரித்தேன்.

"வலிக்கால?"

"இல்லண்ணே."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டினார்.

ஒரே ஒரு கோலில் தோற்றோம். நான் விரட்டிப் பிடித்திருக்க வேண்டியவன்தான் அதைப் போட்டான். முதலாளி முன்னால் காசிமண்ணன், "ஆள் எடுத்ததுல தப்பு எம்மேலதான்" என்றார். பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அணி போயிற்று. காசிமண்ணன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். நான் அந்த வழியாகப் போவதையே விட்டேன். கோழைதான், வேறென்ன சொல்ல.

சர்க்கரை வியாதியில் அவருடைய வலது காலை எடுத்துவிட்டார்கள் என்று போன வருஷம் கேள்விப்பட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். மிஞ்சிய காலிலும் புண். மதினி கட்டு மாற்ற வந்தபோது, "குடுங்க மதினி, நான் கட்டுறேன்" என்று துணியை வாங்கிக்கொண்டேன். கட்டுகிறவன் குனிந்தே இருக்கலாம். முகம் பார்க்க வேண்டியதில்லை.

"அண்ணே, அன்னிக்கி வலிச்சுது. நான் பொய் சொன்னேன்."

"அமுக்குனவனுக்குத் தெரியாதால?"

"பொறவு ஏன் கட்டுனீங்க?"

"ஒம் மச்சினமாரு மூணு பேரும் வேட்டியத் தேச்சுக் கட்டிட்டு வந்து உக்காந்திருந்தாக. அவுக முன்னால ஒன்னைய எப்படிலே தாண்டிப் போக?"

துணியின் நுனியை இரண்டாகக் கிழித்து, அவர் போடுவது போலவே முடிச்சுப் போட்டேன். அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டிட்டேல்ல? அப்ப நான் எறங்குறேன்."

"மொத ஆளே நீங்கதாண்ணே."

அடுத்த மாதம் போய்விட்டார். நாங்கள் பழகிய மைதானத்தில் இப்போது கல் ஊன்றி மனை பிரித்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனியும் இல்லை.

பேண்டேஜ் வாங்கிய அன்று வீட்டுக்கு வந்து மகளின் காலை மடியில் எடுத்து வைத்தேன். நல்ல வீக்கம். பெருவிரலால் மெல்ல அமுக்கினேன்.

"வலிக்காம்மா?"

"இல்லப்பா" என்று சிரித்தாள்.

சுருளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கட்டுவதா, தாண்டிப்போவதா என்று கேட்கலாமென்றால், காசிமண்ணன் இல்லை.