பரங்கிப்பேட்டை மாப்பிள்ளையின் பிரேக் லைனிங்

பிரேக் லைனிங் விற்கிறவனிடம் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. எதிலாவது முட்டிவிட்டு, முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளிய என்னைப் போன்ற பாவிகளுக்கு இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்? கடலூர்க்காரனான நான், அறுபதுகளில் சிதம்பரம் மேலவீதியில் மோட்டார் சைக்கிள் ஸ்பேர் பார்ட்ஸ் விற்றேன், மாட்டியும் கொடுத்தேன். நான் பிரேக் போட்ட வண்டி நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அண்டா

எங்கள் வரிசையிலேயே துணிக்கடை வைத்திருந்தார் ஜமால் பாய். புது மாப்பிள்ளை. பெண் எடுத்தது பரங்கிப்பேட்டையில். அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய் இருக்க வேண்டும். கடையைச் சாத்துகிற நேரத்துக்கு பஸ் கிடையாது. அதனால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, தினமும் போய் வந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் வண்டி மாமனார் வீட்டு வாசலில் நிற்காமல் உள்ளே போய், தண்ணீர் அண்டாவைச் சாய்த்துவிட்டது. மாமனார் தேங்காய் வியாபாரி, கோபக்காரர். ஆனால் மாப்பிள்ளையை முகத்துக்கு நேரே பேசுவது மரியாதை இல்லை. அதனால் தன் மகன் ரஃபியைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை காதில் விழும்படி சொன்னாராம்: வெள்ளிக்கிழமைக்குள் வண்டி ஒழுங்காக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும். விற்றால் என்ன ஆகும்? ஜமால் பாய் வாரம் முழுக்கக் கடையிலேயே துணி மூட்டைமேல் படுக்க வேண்டும், பெண்டாட்டி முகத்தைக் கடைக்கு லீவு விடுகிற வெள்ளிக்கிழமைதான் பார்க்கலாம். பாவம், மனுஷன் அழாத குறையாக வந்து நின்றார். "பிரேக்க மிதிக்கவே இல்லியா பாய்?" என்று கேட்டேன்.

"மிதிச்சேண்ணே. ஆனா என்னை நிறுத்துனது அண்டாதான்."

தேங்காய் எண்ணெய்

பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம். சக்கரத்தை உரசி நிறுத்துகிற லைனிங் பட்டை தேயவே இல்லை. அதை ஷூவோடு பிடித்திருக்கும் ரிவெட் தலைகூட வெளியே தெரியவில்லை. இது ஏன் பிடிக்காது? மூக்கருகே கொண்டுபோனேன். கமகமவென்று தேங்காய் எண்ணெய்! கூட வந்திருந்த ரஃபி திடீரென்று கோபுரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தான்.

விஷயம் இதுதான். அந்த வண்டி பிரேக் போட்டால் தெருக்கோடி வரை 'கீச்ச்ச்' என்று கத்தும். மச்சானுக்கு உபகாரம் செய்கிறேன் பேர்வழி என்று, இவன் சக்கரத்து நடுவில் பிரேக் உட்கார்ந்திருக்கும் டிரம்முக்குள் எண்ணெய் விட்டிருக்கிறான். எண்ணெய் குடித்த லைனிங் அவ்வளவுதான், தூக்கிப் போட வேண்டியதுதான். எனக்கு வந்த கோபத்தில் ஸ்பானரை வீசியிருப்பேன். அவனோ அப்பாவியாகச் சொன்னான்:

"கதவு கீலு கத்துனா எண்ணெ விடுறோம்ல, அதே கணக்குன்னு நெனச்சேண்ணே."

சாயம் போகாத சரக்கு

அந்த அளவு லைனிங் என் கடையில் இல்லை, கடலூரில்தான் கிடைக்கும். ஜமால் பாய் கடை வாசலில் மெஷின் போட்டிருந்த டெய்லர் அன்று கடலூர் போவதாக இருந்தார். "நல்லதா ஒரு செட்டு லைனிங் வாங்கிட்டு வாங்க, அவசரம்" என்று ஜமால் பாய் சொல்லி அனுப்பினார். டெய்லரிடம் போய் லைனிங் என்றால்? ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் பஸ் போய்விட்டது.

சாயங்காலம் பார்சல் வந்தது. பிரித்தால், கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற வழவழ துணி. ஜமால் பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே நாள்தான் பாக்கி. டெய்லருக்கு மட்டும் முகமெல்லாம் பெருமை.

"சாயம் போகாது, சுருங்காது. கடைக்காரன்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் வாங்குனேன் பாய்!"

பெண் பார்க்கும் படலம்

மறுநாள் நானே கடலூர் போனேன். மொத்தக் கடைக்காரர் மேஜைமேல் மூன்று விதம் எடுத்துப் போட்டார். லைனிங் வாங்குவது கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி இல்லை ஐயா. ரொம்பக் கெட்டியானது நாள்பட உழைக்கும், ஆனால் கத்தும், டிரம்மையும் தின்றுவிடும். ரொம்ப மெத்தென்றிருந்தால் கப்பென்று பிடிக்கும், சீக்கிரம் தேய்ந்து போகும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், பொடி உதிரக் கூடாது. ஒவ்வொன்றாகக் கீறினேன், வளைத்தேன், மோந்து பார்த்தேன், வெளிச்சத்தில் வைத்துத் திருப்பினேன். எனக்கு அவசரமே இல்லை. ஒரு பெண் புருஷனோடு இருக்கிறதும் இல்லாததும் இந்தத் துண்டில் இருக்கிறது. மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன்யா, லைனிங் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

வெள்ளிக்கிழமை

பழைய ஷூவில் புது லைனிங்கை ரிவெட் அடித்து, கத்தாமல் இருக்க ஓரங்களை அரத்தால் சரிவாக ராவி மாட்டினேன். ஜும்மா தொழுகை முடிந்ததும் ஜமால் பாய் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து பரங்கிப்பேட்டை போனோம். முட்லூர் தாண்டியதிலிருந்து அவர் வாய் ஏதோ ஓதிக்கொண்டே வந்தது. "பேசாம மிதிங்க பாய், பிடிக்கும்" என்றேன்.

மாமனார் புது அண்டாவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். கதவிடுக்கில் ஜமால் பாயின் மனைவி. பாய் மிதித்தார். மாமனார் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, பூனை மாதிரி சத்தமே இல்லாமல் வண்டி நின்றது. ஜமால் பாய் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. மாமனார் சக்கரத்தைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். பிறகு, பக்கத்திலேயே நிற்கும் மாப்பிள்ளையைப் பார்க்காமல், மகனிடம் சொன்னார்:

"வண்டி இருக்கட்டும்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லுடா."

மறுபடியும் மாமனார்

அடுத்த வாரம் அதே மாமனார் என் கவுண்டரில் வந்து நின்றார். "பிரேக் பிடிக்கலிங்களா?" என்றேன். "பிடிக்குது தம்பி, அதுல குத்தம் சொல்ல முடியாது" என்று சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "முன்னல்லாம் அந்தக் கீச்சு கேட்டாதான் எங்க வூட்ல தோசக்கல்லு அடுப்புல ஏறும். நானும் பேச்ச நிறுத்திக்குவேன். நேத்து அவரப் பத்தி நாலு வார்த்த பேசிக்கிட்டு இருக்கேன், திரும்புனா பின்னால நிக்கிறாரு!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாசல்ல வந்து ஹாரன் அடிக்கச் சொல்லுங்களேன்" என்றேன். பதறிப்போய்விட்டார்.

"மாமியா வூட்டு வாசல்ல மாப்பிள்ள ஹாரன் அடிச்சா மருவாதியா தம்பி? அதுவா கத்துனா யாரும் கேக்க மாட்டாங்க. அந்தப் பழைய கீச்ச மட்டும் திருப்பிப் போட்டுக் குடுத்துடுங்க."

வண்டியை நிறுத்திக் கொடுத்தால் என் வேலை முடிந்தது என்று இருந்தவன், அதை ஊரைக் கூட்டி நிறுத்துகிற லைனிங் தேடிக்கொண்டு மறுபடியும் கடலூர் பஸ் ஏறினேன்.