காது மட்டும் தெளிவாக

கருப்பையா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் புகைப்படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் திருப்பத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். போன மாதம் வரை அவரை வேலைக்கு ஆகாத ஆள் என்றவர்கள்தான். நானும் அப்படித்தான் சொன்னேன். இன்றும் மாற்றிக்கொள்வதாக இல்லை.

பின்னே என்ன? புத்தம்புது மிரர்லெஸ் கேமராவை வாங்கி, அதில் அடாப்டரை மாட்டி, பூஞ்சை பிடித்த பழைய லென்ஸைத் திருகிக்கொண்டு அலைந்த மனுஷனை வேறெப்படிச் சொல்வது? கேமராவே ஆளின் கண்ணைத் தேடிப் பிடிக்கிற காலத்தில் இவர் கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். கண்டரமாணிக்கத்தில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். இவர் மாப்பிள்ளைப் பெரியவரின் கண்ணில் ஃபோகஸ் வைத்து முடிப்பதற்குள் தாலி கட்டி, பந்திக்கு இலையும் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, தாலி கட்டியதை நான் எடுத்திருந்தேன். திரும்பும் வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“உங்க கேமரா கண்ணைக் கண்டுபிடிச்சிருச்சு. நீங்க என்னத்தக் கண்டுபிடிச்சீக?”

இளக்காரம் என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அவரோடு பழகியவர்களுக்குத் தெரியாததா? ஒருநாள் செக்காலை ரோட்டில் இருக்கும் என் கடைக்கு வந்து, தன் கேமராவை என் கையில் திணித்து, தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார். இதென்ன பிரமாதம் என்று வாங்கினேன். அந்த லென்ஸில் மூக்கு தெளிந்தால் கண் மங்கியது, கண்ணைப் பிடிக்கப் போனால் அவர் தலை அசைந்தது. திருப்பித் திருப்பி எனக்கு வேர்த்துவிட்டது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக எடுத்ததைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கண் இரண்டும் மங்கல். காது மட்டும், அதன் மயிர் முதற்கொண்டு, அத்தனை தெளிவு.

“காது நல்லா வந்திருக்கு. கூப்பிட்டாக் கேக்கும்போல.”

அவர் இறந்த அன்று ஃப்ளெக்ஸ் போடப் படம் தேடினார்கள். ஊரையே எடுத்தவருக்குத் தன் படம் என்று உருப்படியாக ஒன்றில்லை. ஏதோ கல்யாண வீட்டில் நான் அவரை எடுத்த படத்தைக் காட்டினேன். இமை மயிரை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். அவர் மனைவி அதை ஒதுக்கிவிட்டு, அவர் கம்ப்யூட்டரில் இருந்த அந்த மங்கல் படத்தைத் திறந்தார். நான் எடுத்தது என்று தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், என் மானம் போய்விடும், வேண்டாம் என்று கெஞ்சினேன்.

“அதுல வேற யாரோ மாதிரி இருக்காகண்ணே. இதுலதான் அவுக சிரிக்கிறாக.”

இப்போது அந்தப் படம் செக்காலை முனையில் பத்தடி உயரத்துக்கு நிற்கிறது. என்ன ஒரு சாந்தமான சிரிப்பு என்று ஊர் உருகுகிறது. சாந்தமாவது மண்ணாங்கட்டியாவது! அது என் தடுமாற்றத்தைப் பார்த்து அவர் சிரித்த இளக்காரச் சிரிப்பு. அவரிடமிருந்து எனக்கென்று மிச்சம் அது ஒன்றுதான். அதை யாரோடும் பங்கு போட்டுக்கொள்ள மாட்டேன். நேற்று அந்தப் பக்கம் போகையில் வண்டியை நிறுத்தி, அண்ணாந்து அந்தக் காதைப் பார்த்து, என்ன கருப்பையா என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.