மஞ்சுளாவின் அறுபத்து மூன்று எண்கள்

மஞ்சுளா எந்தக் குரலையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பன்னிரண்டாவது முடித்து, போளூரில் இரண்டு வருடம் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, மலைமேல் இருக்கும் காவலூரில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தனியாகக் கம்ப்யூட்டர் சென்டர் போட்டவள். சாதிச் சான்று, பட்டா, பென்ஷன் என்று எதற்கும் மலைக்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். வருகிறவர்களுக்கு அவள் தவறாமல் சொல்வது ஒன்றுதான்: "போன்ல எவன் கேட்டாலும் நம்பர் சொல்லாதீங்க." அதையே அட்டையில் எழுதிச் சுவரிலும் மாட்டியிருந்தாள்.

போன ஆடியில் ஹார்டு டிஸ்க் செத்துப்போனது. வாணியம்பாடியிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஃபுர்கான் வந்து புது டிஸ்க் போட்டு, விண்டோஸை ஏற்றிக் கொடுத்தான். பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த விண்டோஸ் உரிம எண்ணின் இருபத்தைந்து எழுத்தையும் அடித்துப் பார்த்தார்கள். ஏற்கவில்லை. ஆக்டிவேட் செய்யச் சொல்லித் திரையின் மூலையில் ஒரு வரி வந்து நின்றது.

"விடுக்கா. ஒரு சின்ன ஃபைல் அனுப்புறேன். தட்டினா போதும், அப்புறம் கேக்கவே கேக்காது."

"யார் செஞ்ச ஃபைல் தம்பி அது?"

"அது யாருக்குத் தெரியும்? எல்லாரும் போடுறதுதான்."

"அப்போ வேணாம். ஊரு ஜனங்க கைரேகை வெக்கிற மெஷினு இது."

ஃபுர்கான் முகம் சுண்டிக் கிளம்பினான்.

இணையம் விட்டுவிட்டு வந்ததால் போனில் ஆக்டிவேட் செய்வதுதான் மிச்சமிருந்த வழி. திரையில் ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஏழு எண். கீழே கூப்பிட வேண்டிய நம்பர். அத்தனையையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் போட்டுவிட்டு, ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். பதிவு செய்த ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கேட்கக் கேட்க எண்களை அழுத்தினாள்.

அப்போதுதான் பென்ஷன் காகிதத்தோடு மங்கம்மாள் வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் போனில் நம்பர் சொல்லி, நூறு நாள் வேலைக் கூலியைப் பறிகொடுத்தவள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது? எங்களுக்கு மட்டும் அட்டை. நீ பாட்டுக்கு அமுக்கிக்கினே கீற?"

"இது நானா கூப்ட்டது சித்தி. அவங்க கூப்புடல."

"நானும் நானாத்தான் கூப்ட்டேன். கேஸ் கம்பெனி நம்பருன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தான்."

மஞ்சுளா அழுத்துவதை நிறுத்தித் திரையைப் பார்த்தாள். திரையில் இருக்கும் இந்த நம்பரும் ஃபுர்கான் ஏற்றியதோடு வந்ததுதானே? அவன் ஃபைலை வேண்டாம் என்றவள் இதை மட்டும் எப்படி நம்பினாள்?

"நான் ஆலங்காயத்து சென்டருக்கே போய்க்கிறேன்" என்று மங்கம்மாள் திரும்பினாள். அவள் போனால் அத்தோடு முடியாது. பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விடும்; நாளை முதல் ஒருத்தரும் இந்தப் படி ஏற மாட்டார்கள்.

"இரு சித்தி. நெசமா பொய்யான்னு நீயே சொல்லு. இன்னா பண்ணலாம்?"

மங்கம்மாள் யோசித்தாள். "ஒரு தப்பு நம்பர் குடு. திருடன்னா எதையும் வாங்கிப்பான்."

மஞ்சுளாவுக்கும் அது சரியாகப் பட்டது. எண்களை உண்டாக்கியவனுக்குத்தான் எது பிழை என்று தெரியும். ஏழாவது கட்டத்தில் நான்கை எட்டாக்கி அழுத்தினாள். குரல் தயங்காமல் ஏதோ சொன்னது.

"இன்னா சொல்றா?"

"தப்பாம். திரும்பப் போடணுமாம்."

"நீ சொல்றியா, அவ சொல்றாளா?"

மஞ்சுளா மறுபடியும் தப்பாகவே அழுத்தினாள். குரல் அதே வார்த்தைகளை அதே ராகத்தில் சொன்னது. மங்கம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள்.

"ம். இப்ப சரியானத போடு."

குரல் பதிலுக்குச் சொன்ன புது எண்களை எழுதி, இரண்டு தரம் படித்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்தபோது, மூலையிலிருந்த வரி மறைந்தது.

"ஆயிடுச்சு சித்தி. காகிதத்தக் குடு."

"குடுக்கறதெல்லாம் இல்ல. வெச்சு படம் புடி. நான் புடிச்சிக்கினு நிக்கறேன்."

ஸ்கேனர் கண்ணாடியில் காகிதத்தை வைத்தும் மங்கம்மாள் அதன் நுனியை விடவில்லை. மூடியை முழுதாக மூட முடியவில்லை. படத்தில் அவளுடைய கட்டைவிரலும் சேர்ந்து விழுந்தது. மஞ்சுளா முகம் சுளிக்காமல், விரலைக் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்த்தச் சொல்லி, இன்னொரு தரம் எடுத்தாள்.