சேலையூரில் சாய்ந்த காம்புகள்

மதியம் ஒன்றேகாலுக்கு மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினேன். தாம்பரத்துக்கு டிக்கெட் முப்பது பைசா. எழுபத்திரண்டாம் வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. அரை நாள் ஆபீஸ் முடிந்து டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டு ஓடி வந்தவளுக்கு உட்கார இடம் கிடைத்ததே பெரிது.

சேலையூரில் கிரேஸ் டீச்சர் வீட்டில் பூத்தையல் கற்க ஆறு மாதமாகப் போய் வருகிறேன். இன்று வகுப்பு இல்லை. அவர்களுடைய சர்ச் ஹாலில் கிறிஸ்துமஸ் விற்பனை. காபித் தட்டில் விரிக்கும் துணி ஆளுக்கொன்றாக நாங்கள் ஆறு பேர் தைத்திருந்தோம். அவற்றைத் தைத்தவர் பெயரோடு காட்சிக்கு வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தெட்டு வயதில் முதன்முறையாக என் கைவேலையின் கீழே என் பெயரைப் பார்க்கப் போகிறேன். காலையிலிருந்து ஆபீஸில் எனக்கு வேலையே ஓடவில்லை.

சைதாப்பேட்டை தாண்டியதும் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தேன். எதிரே கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பீச்சாங்கையால தைச்சிகினு கீறே?" என்றாள்.

உடனே ஊசி வலது கைக்குப் போய்விட்டது. நானாக மாற்றவில்லை, அது தானாகப் போனது. சின்ன வயதில் இடது கையால் பலப்பத்தைத் தொட்டால் ஸ்கேலால் அடி, சோற்றைத் தொட்டால் முதுகில் அடி. எழுத்தும் சோறும் வலது கைக்குப் போயின. ஊசி மட்டும் போக மறுத்துவிட்டது. வலது கையால் நாலு தையல் கோணல்மாணலாகப் போட்டுவிட்டு, துணியைப் பைக்குள் திணித்தேன். கீரைக்கார அம்மாள் மீது வந்த கோபத்தைவிட என் மீது வந்த கோபம் அதிகம். மீனம்பாக்கத்தில் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியதையும், பல்லாவரத்தில் தோல் பதனிடும் நாற்றம் வண்டிக்குள் வந்ததையும் அந்தக் கோபத்தோடுதான் கவனித்தேன்.

தாம்பரத்தில் கிழக்குப் பக்கம் இறங்கினால் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் நிற்கும். சர்ச் ஹால் இருக்கும் கேம்ப் ரோடு வரை ஒன்றரை மைல் இருக்கும்.

"ஒர்ரூவா குடும்மா. வெயிலு இன்னா காய் காயுது பாரு."

"டிசம்பர்ல ஏதுப்பா வெயிலு? முக்கா ரூபா."

அவன் சிரித்துக்கொண்டே ஏறச் சொன்னான், நானும் சிரித்துவிட்டேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஓர் இடத்தில்தான்.

டீச்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வயது இருபத்தாறு. நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். வகுப்பில் எல்லோரும் அவள் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துச் செய்வார்கள். முதல் வாரம் எனக்கு நூல் சிக்கு விழுந்ததுதான் மிச்சம். இரண்டாம் வாரம் அவளே, "அக்கா, நீங்க எனக்கு எதிர்ல உக்காருங்க. கண்ணாடியில பாக்கற மாதிரி பாத்துச் செய்ங்க" என்றாள். அன்றுதான் என் இடது கைக்கு வழி திறந்தது. காம்புத் தையல் வந்தது, சங்கிலித் தையல் வந்தது. கடைசியில் புல்லியனும் வந்தது. ஊசியில் நூலை ஏழெட்டுச் சுற்று சுற்றி, விரலால் அமுக்கிக்கொண்டு ஊசியை உருவினால், நூல் குட்டிப் புழுவாகத் துணியில் படுத்துக்கொள்ளும். அப்படிப் பல புழுக்களை வளைத்து அடுக்கினால் ரோஜா. என் ரோஜாக்கள் மற்றவர்களுடையவற்றுக்கு எதிர்ப்பக்கம் சுழலும், காம்புகளின் இழைகள் எதிர்ப்பக்கம் சாயும். "அது உங்க கை அக்கா, அப்படியே இருக்கட்டும்" என்றவளும் அவள்தான்.

ஹாலுக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை. கேக் மேஜையைத் தாண்டி, சுவரோரம் ஆறு துணிகளையும் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள். நாலாவதன் கீழே என் பெயர். அட்டையில் அழகான எழுத்து. துணியைப் பார்த்தேன். ரோஜாக்கள் என்னுடையவை. காம்புகள் என்னுடையவை அல்ல. எல்லாம் மற்ற ஐந்தைப் போலவே சாய்ந்திருந்தன. கிட்டே போய்ப் பார்த்தால், புதுத் தையலின் ஓரத்தில் என் பழைய ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன.

டீச்சர் ஓடி வந்தாள். "இது யார் கை?" என்று கேட்டேன்.

"கோச்சுக்காதீங்க அக்கா. ஆறும் ஒரே செட்டா இருந்தாத்தான் விலை போகும்னு கமிட்டியில சொன்னாங்க. உங்களோடது மட்டும் மாறித் தெரிஞ்சுது. அதான் நானே உக்காந்து காம்பைப் பிரிச்சுத் திருப்பித் தைச்சேன்."

"என்னைக் கேட்டியா?" அதுவரை அவளை நான் நீ என்றதில்லை.

"கேட்டா ஒத்துக்க மாட்டீங்க."

"ரோஜாவை ஏன் விட்டே?"

"புல்லியனைப் பிரிச்சா துணி கிழிஞ்சிடும் அக்கா."

"முடிஞ்சிருந்தா அதையும் பிரிச்சிருப்பே."

கமிட்டி அம்மாள் ஒருத்தி நடுவில் புகுந்து, "ஒரு காம்புக்கா இவ்ளோ சண்டை? பாக்க நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நன்றாகத்தான் இருந்தது. என் தையலைவிட சீராக இருந்தது. குண்டூசிகளைப் பிடுங்கித் துணியை எடுத்தேன், என் பெயர் எழுதிய அட்டையையும் எடுத்தேன்.

"செட் உடைஞ்சிடும் அக்கா!"

"உடையட்டும்."

வெளிக்கேட் வரை பின்னாலேயே வந்தாள். கண் கலங்கியிருந்தது. "உங்களை எதிர்ல உக்காரச் சொன்னதே நான்தானே அக்கா?"

"அதனாலதான் எனக்கு ஆறல" என்றேன். ரிக்‌ஷாவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஸ்டேஷன் வரை நடந்தே வந்தேன்.

வண்டி தாம்பரத்திலேயே புறப்படுவதால் ஜன்னலோர இடம் கிடைத்தது. சின்னக் கத்தரிக்கோலை எடுத்து முதல் காம்பைப் பிரித்தேன். பழகும் துண்டுத் துணியானால் பரவாயில்லை, இதை ஓடும் வண்டியில் தைக்க முடியாது, குலுக்கி எடுத்துவிடும். அதனால் ஓடும்போது பிரித்தேன், ஸ்டேஷனில் நிற்கும்போது தைத்தேன். குரோம்பேட்டையில் ஏறி எதிரே உட்கார்ந்த கிழவர், "ஏம்மா, சோத்தாங்கைக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகலை. துணியைப் பிடிச்சிக்கிட்டு இருக்கு" என்றேன். ஊசி இடது கையிலேயே இருந்தது.

மாம்பலத்தில் இறங்கும்போது ஒரு காம்பு முடிந்திருந்தது. பக்கத்தில் அவள் போட்ட ஓட்டைகளும் நான் முன்பு போட்ட ஓட்டைகளும் அப்படியே தெரிந்தன. தண்ணீரில் அலசினால் ஓட்டை மூடிக்கொள்ளும் என்று அவள்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் அலசப் போவதில்லை.