எல்லாச் சேர்வர்களுக்கும் ஒரே பிளொப்பி

கொழும்பில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த மகள் கனடாவுக்குப் புறப்பட்ட மறுநாள், நான் வேலைக்குப் போனேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்க ஒருவர் போதும் என்றார் கணவர். எனக்கும் கைக்கு வேலை வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறொன்ரோவில் இருந்த எங்கள் நிறுவனம் கிளை அலுவலகங்களுக்குச் சேர்வர் கணினிகளை அனுப்பும். எல்லாம் ஒரே ரகம். முதலாவதை மட்டும் நான் கையால் அமைப்பேன்: எந்த ஸ்லொட்டில் எந்தக் காட் செருகியிருக்கிறது, மெமரி எவ்வளவு, டிஸ்குகளை எப்படிச் சேர்ப்பது. அந்த அமைப்பை ஒரு பிளொப்பியில் சேமித்துவிட்டால் மற்றவற்றுக்கும் அதையே போடலாம். அரை நாள் வேலை சில நிமிடங்களில் முடியும்.

மகளின் பயணத்தையும், காசுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ற் அப்படித்தான் ஒழுங்கு செய்திருந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தியை முன்பு அதே வழியால் கொண்டுவந்தவர். விமானம் மாறும் நாட்டில் விசாரித்தபோது, சித்தியின் மகளுக்குக் கல்யாணம், இரண்டு கிழமையில் திரும்பிவிடுவேன் என்று சொல்லி அவள் வந்து சேர்ந்திருந்தாள். அந்தக் கதையையே எங்கள் மகளுக்கும் பாடமாக்கிக் கொடுத்தார். ஒருமுறை பலித்தது என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

மத்தியானத்துக்கு முன் ஒரு சேர்வர் மக்கர் பண்ணியது. பிளொப்பியை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டு, திரும்ப இயக்கியதும் பிழைச் செய்தியோடு நின்றது. பக்கத்து மேசைக் கோயம்புத்தூர்க்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"நெட்வொர்க் கார்டு பக்கத்து ஸ்லாட்ல இருக்குங்க மேடம். ஜாதகம் பாக்காம கட்டி வச்சிட்டீங்க."

"உங்களுக்குப் பகிடி. எங்களுக்குச் சேர்வர் வித்தவன் மாத்திச் செருகினதுக்கு நான் என்ன செய்ய?"

சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. கணவர்.

"மறிச்சுப் போட்டாங்களப்பா."

"ஆரை?"

"பிள்ளையைத்தான். அவளுக்கு முன்னாலை நிண்ட ரெண்டு பெட்டையளும் அதே சித்தி, அதே கல்யாணமாம். இவள் கதையைத் தொடங்க, மிச்சத்தை அந்த ஒபிசரே சொல்லி முடிச்சவனாம்."

சேர்வரைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டேன்.

அவளை அடுத்த விமானத்தில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். நான் மறுபடி வேலைக்குப் போனபோது, மிச்சச் சேர்வர்களின் மூடியை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே பார்த்த பிறகுதான் பிளொப்பியைப் போட்டேன். கோயம்புத்தூர்க்காரர் பகிடி ஒன்றும் விடாமல் திருகாணிகளை வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் மகள் கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள்.

"நான் பயப்பிடேல்லை அம்மா. வடிவா, ஒரு சொல்லும் பிசகாமல்தான் சொன்னனான்."

"தெரியும் குஞ்சு."

"அவன் சிரிச்சவன் அம்மா. எல்லாருக்கும் முன்னாலை."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவள் பிறகு, "குளிருக்கெண்டு வாங்கின கோட்டை என்ன செய்யிறது? பெரியம்மான்ரை அலுமாரிக்குள்ளை கொள்ளுதில்லை" என்றாள்.

யாருக்காவது கொடு என்றால், இனி அவள் வரப்போவதில்லை என்று நானே சொன்னதாகிவிடும். வைத்திரு என்றால், மறுபடியும் அந்த வரிசையில் போய் நில் என்பதாகிவிடும்.

"சரி, கட்டிலுக்குக் கீழை வைக்கிறன்" என்று அவளே சொன்னாள்.